சுவரில் மாட்டிய தூக்கம்

1

என் கணவர் சேவியர் இறந்து ஒரு வருடம் ஆனதற்காகக் கூலாய் தேவாலயத்தில் பூசை வைத்தோம். இறந்தோர் பெயர்களை வாசித்தபோது அவருடைய பெயரைச் சரியாகச் சொல்கிறார்களா, அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கவனித்துக்கொண்டிருந்தேனே தவிர, செபம் ஒன்றும் மனசில் ஓடவில்லை. வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம் நற்கருணை வாங்கும்போது வந்தது. திரும்பி வந்து முழங்காலிட்ட பிறகும் போகவில்லை.

பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் பசியாற ஏற்பாடு செய்திருந்தோம். காலைச் சாப்பாட்டை இங்கே மலேசியாவில் அப்படித்தான் சொல்வார்கள், பசியாறுவது என்று. ஊரைவிட்டு வந்த புதிதில் இந்த ஒரு சொல்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது என் மகள் லீனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மா, ஒன்னு காட்டணும். இங்கயே கத்தக் கூடாது."

அவளுடைய கைப்பேசியில் ஒரு படம். எங்கள் வீட்டு முன்னறை. பகல் வெளிச்சம். சேவியர் படுத்திருந்த மருத்துவமனைக் கட்டில். அதில் ஒரு பெண் மல்லாந்து தூங்குகிறாள். வாய் திறந்திருக்கிறது. கொண்டை அவிழ்ந்து முடி தலையணையில் பரவிக் கிடக்கிறது. ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. அடக்கத்துக்குக் கட்டிய வெள்ளைச் சேலை முழங்கால்வரை ஏறியிருக்கிறது.

அது நான்தான். அவரை மண்ணுக்குக் கொடுத்த மறுநாள்.

"மூவார்ல என்னோட எக்சிபிஷன் இருக்குன்னு சொன்னேன்ல? இதத்தான் எல்லாத்தையும் விடப் பெருசா போடப் போறேன். முன் சுவர் முழுக்க."

நான் உள்ளங்கையால் கைப்பேசியை மூடினேன். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். இரண்டு மேசை தள்ளி சேவியரின் அக்கா உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சரி. அப்புறம் பேசலாம்" என்றேன்.

அந்தச் 'சரி'யை லீனா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

2

நான் திண்டுக்கல் பக்கம் பிறந்தவள். சேவியரின் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்பே தோட்டத்து வேலைக்கு ஜோகூருக்கு வந்தது. பாலோவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்த அவர், பிறகு கூலாய்க்கு வந்து, செனாய் பக்கத்துத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தார். பங்குச் சாமியார் ஒருவர் மூலமாக வந்த சம்பந்தம். பெண் பார்க்க வந்தபோது அவருடன் வந்த ஒரே ஆள் அவருடைய அக்கா. பிலோமினா அண்ணி. என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "வேல செஞ்ச கை" என்றார். அது பாராட்டா, எடை போட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பிக் காலணி மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "அலமாக்." மலாய்க்காரர்கள் 'ஐயோ, அடடா' என்பதற்குச் சொல்லும் சொல். பசித்தால் அலமாக். வலித்தால் அலமாக். லீனா வேலை முடிந்து உள்ளே வந்தால் முகமெல்லாம் விரிய ஒரு அலமாக். எந்த அலமாக் எதற்கு என்று எனக்குப் பழகிவிட்டது.

முதல் வருடம் சக்கர நாற்காலியில் உட்காருவார். பிறகு அதுவும் இல்லை. விழுங்க முடியாமல் போனதால் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். வெதுவெதுப்பான நீரில் பால் மாவைக் கரைத்து, பெரிய ஊசிக்குழலில் ஊற்றி, அதைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பால் தன் எடையில் தானாக இறங்கும். அவசரப்பட்டு அழுத்தினால் புரை ஏறும். முதுகு புண்ணாகாமல் இருக்க அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். ஆள் ஒல்லியாகிவிட்டாலும் எலும்பின் கனம் குறையவில்லை. போர்வையை அவருக்கு அடியில் மடித்துக் கொடுத்து, அதைப் பிடித்து இழுத்துத்தான் புரட்டுவேன். துடைப்பது, மாற்றுவது, துவைப்பது. தாமான் என்ற இந்தக் குடியிருப்பு வரிசை வீடுகளில் வாசல் கம்பிக் கதவுதான் கொடிக்கயிறு. எங்கள் வாசலில் போர்வை தொங்காத நாளை அக்கம்பக்கத்தார் பார்த்திருக்க மாட்டார்கள்.

லீனா அப்போது ஜோகூர் பாருவில் படித்துக்கொண்டிருந்தாள். கலை, வடிவமைப்பு என்று என்னவோ. எப்போதும் கையில் கேமரா. "அசைன்மென்ட் மா" என்பாள். பால் பிடித்துக்கொண்டிருக்கும் என் கையை எடுப்பாள். வாளியில் ஊறும் துணியை எடுப்பாள். குழலைக் கழுவிக் கவிழ்த்து வைத்த தட்டை எடுப்பாள். இதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. கேட்க நேரமில்லை. கேமரா இருப்பதே எனக்கு மறந்துபோனது. படிப்பை முடித்துச் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும் விடுமுறை நாட்களில் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடக்கத்துக்கு மறுநாள் வீடு நிறைய ஆட்கள். பாலோவிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் சொந்தக்காரர்கள். காப்பி கலக்கினேன். நாற்காலிகளை வரிசைப்படுத்தினேன். கட்டிலை யாரோ வந்து எடுத்துப்போவதாகச் சொன்னார்கள், அதற்குமுன் விரிப்பை உருவிவிடலாம் என்று முன்னறைக்குள் போனேன். அவ்வளவுதான் எனக்கு நினைவு. கண் விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. அவருக்குப் புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தை எனக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, சாத்தியிருந்த கதவைத் திறந்து வெளியே வந்தபோது பாதிப்பேர் போய்விட்டிருந்தார்கள். மிச்சப்பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

அண்ணி பின்கட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "இனிமே அவளுக்கு ரெஸ்ட்தான்லா."

இங்கத்தவர் பேச்சில் ஒட்டும் 'லா'வோடு வந்த அந்த ஒரு வாக்கியத்தை ஒரு வருடமாக மென்றுகொண்டிருந்தேன். துணி மடிக்கும்போது ஒரு மாதிரி கேட்கும், பாத்திரம் கழுவும்போது வேறு மாதிரி கேட்கும். எப்படிக் கேட்டாலும் கடைசியில் குத்தலாகத்தான் முடியும். புருஷன் செத்த மறுநாள் அவன் கட்டிலிலேயே காலை நீட்டித் தூங்கியவள். அதைத்தான் என் மகள் மூவாரில் முன் சுவர் முழுக்க மாட்டப்போகிறாள்.

3

வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் என் தங்கையும் அதையேதான் தொலைபேசியில் கேட்டாள். "பெத்த பொண்ணுகிட்ட வேணாம்னு சொல்ல என்னக்கா பயம்?"

பயத்துக்குக் காரணம் இருந்தது. அதை விளக்க இமிகிரேசன் கதையைச் சொல்ல வேண்டும்.

இத்தனை காலம் இங்கே இருந்தும் நான் இந்நாட்டுக் குடிமகள் இல்லை. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு எழுதிப் போட்டோம். பதில் வரவில்லை. குடிமகனின் மனைவி என்ற பெயரில், கணவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட, அவ்வப்போது புதுப்பிக்கும் அனுமதிச் சீட்டில்தான் இருந்து வந்தேன். புதுப்பிக்கும்போது கணவரும் நேரில் வர வேண்டும். அவர் விழுந்த பிறகு ஒரு முறை சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் அவரிடம் "இவர் உங்கள் மனைவியா?" என்று மலாயில் கேட்டார். சேவியர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "அலமாக்" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்த இளைஞரும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அவர் இறந்த பிறகு மனைவி என்ற அந்தப் பெயரும் போயிற்று. யாராவது ஒரு குடிமகன் எனக்குப் பொறுப்பேற்க வேண்டும். எனக்கு இருப்பது லீனா ஒருத்திதான். ஆக, என் மகள் என் பொறுப்பாளர் ஆனாள். அவள் காய்ச்சலில் படுத்தபோது பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தவள் நான். இப்போது எனக்கு அவள் கையெழுத்து.

பழைய சீட்டு முடிந்து அவளோடு முதல்முறை போன அன்று கவுன்ட்டரில் இருந்தவர் நடுவயது மலாய்ப் பெண்மணி. நல்ல மனுஷி. என் முகம் வெளிறியிருந்ததைப் பார்த்தோ என்னவோ, பேச்சுக் கொடுத்தார். "கெர்ஜா அப்பா, காக்?" என்ன வேலை செய்கிறீர்கள் அக்கா என்று.

என் மலாய் மார்க்கெட் மலாய். மீன் விலை கேட்க வரும், அதற்குமேல் தடுமாறும். கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். 'சாயா' என்றால் நான், 'ஜாகா' என்றால் பார்த்துக்கொள்வது. "சாயா ஜாகா" என்றேன்.

"ஜாகா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கீலாங் மானா?" எந்தத் தொழிற்சாலையில்?

இங்கே வாசலில் சீருடை போட்டு நிற்கும் காவல்காரருக்கும் ஜாகா என்றுதான் பெயர். நான் வாட்ச்மேன் வேலை பார்ப்பதாக அவர் நினைத்துவிட்டார். அனுமதியில்லாமல் வேலை செய்ததாக எழுதிவிடுவாரோ என்று பயந்துபோனேன். "தீடா, தீடா, ருமா" என்று கையை ஆட்டினேன். இல்லை இல்லை, வீடு என்று. லீனா குனிந்து ஏதோ விளக்கினாள். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

காருக்குத் திரும்பும்போது லீனாவும் சிரித்தாள். "சூப்பர்லா மா. 'ஜாகா'. அதுதான் டைட்டில்." அவள் மூவார்க் கண்காட்சிக்கு வைத்த பெயர் அதுதான்.

ஒரு வருடத்துக்கு அனுமதி கிடைத்தது. வீட்டுக்கு வந்து கடவுச்சீட்டை அலமாரியில் வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். மறுபடி வைத்தேன். அடுத்த வருடமும் லீனா வரவேண்டும். அதற்கடுத்த வருடமும். அவளுக்கு என் மேல் கோபம் வந்தால்? அவளுக்குத் திருமணம் ஆகி, அந்த வீட்டில் வேண்டாம் என்றால்? இப்படியெல்லாம் ஒரு தாய் நினைக்கலாமா என்று என்னையே கடிந்துகொள்வேன். ஆனாலும் அன்றிலிருந்து அவளிடம் என் குரல் மாறிவிட்டது. சாப்பாட்டில் அவளுக்குப் பிடிக்காததை வைப்பதில்லை. தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்பதில்லை. எதைக் கேட்டாலும் சரி சரி என்பேன்.

4

கண்காட்சி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பேன். 'லீனா, அந்தப் படம் மட்டும் வேண்டாம்மா.' நன்றாகத்தான் வரும். அவள் வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் போய்விடும்.

இதற்கிடையில் பாலோவிலிருந்து அண்ணி கூப்பிட்டார். "பிள்ள படமெல்லாம் மாட்டுதாமே? நானும் வாரேன். மவன் கொண்டாந்து விடுவான்."

"எதுக்கு அண்ணி அவ்ளோ தூரம்? உங்களுக்கு முட்டி வலி வேற."

"என் தம்பி படம் இருக்குமாலா?"

"இருக்கும் அண்ணி."

"அப்ப வராம எப்படி?"

தொலைபேசியை வைத்ததும், துவைத்து மடித்த துணியையே மறுபடி எடுத்து ஊறப் போட்டேன்.

படங்களை அச்சடித்துச் சட்டம் போட்டு லீனா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். பெரிய படம் தனியாக ஒரு போர்வையில் சுற்றியிருந்தது. அவள் அதைப் பிரித்தபோது நான் தேநீர் போடப் போகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"மா, நீ இன்னும் அதப் பாக்கவே இல்ல."

"பாத்தேனே. நல்லா இருக்கு."

"எங்க பாத்த? எனக்கு முதுகக் காட்டிட்டு நிக்கிற. உனக்குப் பிடிக்கலன்னா சொல்லுலா."

"பிடிக்காம என்ன? உன் இஷ்டம்மா. நீ என்ன செஞ்சாலும் சரி."

"அப்படிச் சொல்லாத மா! முன்னெல்லாம் நீ இப்படியா இருந்த? முடி வெட்டிட்டு வந்தப்ப என்ன கத்து கத்துன. இப்போ எதுக்கெடுத்தாலும் சரி, சரி, உன் இஷ்டம். என்னாச்சு உனக்கு?"

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேசக் கூடாது என்று நினைத்திருந்தது வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"அடுத்த வருசம் நீ கவுன்ட்டருக்கு வரணுமே லீனா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். சின்ன வயதில் கீழே விழுந்து, அழுவதற்கு முன்னால் ஒரு நொடி திகைத்துப்போவாளே, அந்த முகம்.

"என் கையெழுத்துக்காகவா எல்லாத்துக்கும் சரி சொன்ன?"

நான் தேநீர்க் குவளைகளை எடுத்து வரிசையாக வைத்தேன்.

"நான் வர மாட்டேன்னு நெனச்சியா மா? ஒரு படத்துக்காக உன்ன ஊருக்கு அனுப்பிடுவேன்னு?"

"நெனக்கல. ஆனா பயமா இருக்கு. எனக்கு எல்லாமே பயமா இருக்கு. உங்கப்பா இருந்தவர பயப்பட நேரமில்ல. இப்போ அதுக்குத்தான் நேரம் இருக்கு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பை அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். நான் எட்டிப் பார்த்தபோது பெரிய படத்தை மறுபடி போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இது வேணாம். உன்கிட்ட மொதல்லயே ஒழுங்கா கேட்டிருக்கணும்" என்றாள். ஆனாலும் கிளம்பும் நாளில் அதை வீட்டில் விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை. காரின் பின்னிருக்கையில் படுக்க வைத்துக்கொண்டு வந்தாள்.

5

மூவார் ஆற்றோரம் பழைய கடைவீடு ஒன்றைத்தான் கண்காட்சிக்குப் பிடித்திருந்தார்கள். கீழே நாற்காலிப் பட்டறையாக இருந்த இடம். சுவரெல்லாம் வெள்ளையடித்தும் மர வாசனை போகவில்லை. முன் சுவர் காலியாக இருந்தது. வந்தவர்கள் அதைத் தாண்டி உள்ளே போனார்கள். எனக்கு மட்டும் அந்த வெள்ளைச் சுவர் கண்ணை உறுத்தியது.

அண்ணி தன் மகனின் காரிலிருந்து இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நல்ல சேலை, கழுத்தில் செபமாலை. நான் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன்.

"விடு, நான் நடப்பேன்" என்றார்.

ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். சேவியரின் முதுகும் அதைத் துடைக்கும் என் கையும். வாசல் கம்பிக் கதவில் காயும் போர்வைகள். அவருடைய விரல் நகத்தை வெட்டும்போது குனிந்த என் பிடரி. தம்பியின் முகம் தெரியும் படங்களில் மட்டும் கையை நீட்டி, கண்ணாடியைத் தொடாமல், அந்த முகத்துக்கு நேராகக் காற்றில் தடவினார்.

பின்சுவரில் இருந்த படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நானும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். அதை லீனா எடுத்தது எனக்குத் தெரியாது.

அதில் நான் கட்டில் பக்கத்தில் நிற்கிறேன். வலது கையில் பால் குழலை உயர்த்திப் பிடித்திருக்கிறேன். குழாய் சேவியரின் மூக்குக்குப் போகிறது. இடது பக்கம் பால் மாவு டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசி. அதன் சின்னத் திரையில் ஒரு கூட்டம், ஒரு சவப்பெட்டி. என் கண் திரையில் இருக்கிறது. கை மட்டும் ஆடாமல் நிற்கிறது.

"இது என்னா?" என்றார் அண்ணி.

"எங்கம்மா அடக்கம், அண்ணி. தங்கச்சி வீடியோவுல காட்டுனா."

"உங்கம்மா செத்தது தெரியும். நீ போவலன்னும் தெரியும்." அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கும் பால் ஊத்திக்கிட்டா நின்ன?"

"அவருக்குப் பசிக்குமே அண்ணி. பாதியில நிறுத்துனா குழாய் அடச்சிக்கும்."

"அழுதியா?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியல அண்ணி. அப்புறம் அவரப் புரட்டணும். துணி ஊறப் போட்டிருந்தேன். அழுதனான்னு ஞாபகம் இல்ல."

அண்ணி பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கும் இடம் காட்டினார். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் தம்பி அடக்கத்துக்கு மறுநாளு அப்படித் தூங்கினியா" என்றார்.

ஒரு வருடமாக எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. "எனக்கே தெரியல அண்ணி. விரிப்ப உருவத்தான் போனேன். அவரு கட்டில்ல போயி... தப்பா நெனச்சிக்காதீங்க."

"தப்பா? யாரு?" அவர் என் பக்கம் திரும்பினார். "கதவச் சாத்துனது யாருன்னு நெனச்ச? நாந்தான். உள்ள வந்து பாத்தேன். வாயப் பொளந்துக்கிட்டுக் கிடந்த. லீனா மூலையில உக்காந்திருந்துச்சு. ஆளுங்க வந்து வந்து கேட்டாங்க, ரோஸ்லின் எங்க, ரோஸ்லின் எங்கன்னு. குளிக்கிறான்னு சொன்னேன். எத்தன வாட்டி குளிப்பான்னு கேட்டான் உன் கொழுந்தன் ஒருத்தன். கதவுகிட்ட நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேன். சாயந்தரம் வரைக்கும் ஒருத்தனையும் உள்ள விடல."

"நீங்களா?"

"பின்ன? என் தம்பியப் பாத்துக்கிட்டவ. நான் மாசம் ஒருவாட்டி ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து, அப்படிச் செய்யி இப்படிச் செய்யின்னு சொல்லிட்டுப் போனேன். அந்த ஒரு நாளுதான் உனக்குன்னு எதாச்சும் செஞ்சேன்."

"அப்புறம் பின்கட்டுல, இனிமே அவளுக்கு ரெஸ்ட்தான்னு..."

"ஆமா சொன்னேன். இனிமேயாச்சும் ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான் சொன்னேன். ஏன்?"

"ஒன்னுமில்ல அண்ணி" என்றேன். ஒரு வருடத்தை அவரிடம் எப்படிக் காட்டுவது?

லீனா கொஞ்ச தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போனாள். காரிலிருந்து போர்வை சுற்றிய படத்தைத் தூக்கிவந்து பெஞ்சுக்கு எதிரே சாய்த்து வைத்துப் பிரித்தாள்.

நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். இந்த முறை நான் முகத்தைத் திருப்பவில்லை. வாய் திறந்திருந்ததும் கால் தொங்கியதும் அப்படியேதான் இருந்தன. ஆனால் நெற்றியை நான் முன்னால் பார்த்திருக்கவில்லை. அந்த நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. என் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

"இதயா மாட்டப் போற?" என்று அண்ணி லீனாவைக் கேட்டார்.

"இல்ல அத்தை. அம்மாவுக்கு வேணாமாம்."

"வேணாம்னா விடு. தூக்கமாச்சும் அவளுக்குன்னு இருக்கட்டும். அதையும் ஊருக்குக் காட்டணுமா?"

"அத்தை, ஜனங்க பாக்கணும்னுதான்..."

"ஜனங்க பாத்து என்னா செய்யப் போறாங்க? வந்து புரட்டிப் போடுவாங்களா?"

இரண்டு பேரும் எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் பட்டது. சட்டென்று லீனா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு மா. கவுன்ட்டரு, கையெழுத்து எல்லாத்தையும் விட்டுட்டுச் சொல்லு."

சரி என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வேண்டாம் என்றும் வந்தது. அதையும் அடக்கினேன்.

"எனக்கு இப்போ தெரியல. யோசிச்சிச் சொல்றேன்" என்றேன்.

"யோசி. அவசரமில்ல" என்றாள் லீனா. அண்ணியும் தலையாட்டினார். பிறகு நாங்கள் ஆற்றோரக் கடையில் ஓத்தாக் ஓத்தாக் என்று இலையில் சுற்றிச் சுட்ட மீன் பண்டம் வாங்கித் தின்றோம். அண்ணிக்கு உறைப்பு தாங்கவில்லை.

6

அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். வேலை செய்துகொண்டே கவலைப்பட்டிருக்கிறேன். உட்கார்ந்து ஒரு விஷயத்தை யோசிப்பது புதிதாக இருந்தது. முன்னறையில், கட்டில் இருந்த இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஊரில் என் சொந்தங்கள் இணையத்தில் பார்த்துவிடுவார்களே என்று நினைத்தேன். சேவியருக்குப் பிடித்திருக்குமா என்று நினைத்தேன். அவர் என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதான், அவரிடம் இருந்தது ஒரே சொல். ஆனால் எந்தக் குரலில் சொல்வார் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அங்கேதான் நான் அழுதேன். அம்மாவுக்கும் சேர்த்து என்று நினைக்கிறேன். எழுந்து செய்ய வேண்டிய வேலை எதுவும் அப்போது இல்லை.

லீனா வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "மாட்டு. முன் சுவர்லயே மாட்டு. ஆனா பேரு நான் வெக்கிறேன்."

மற்றப் படங்களுக்கெல்லாம் அவள் ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் நான் 'அம்மா'. அம்மாவின் கை, அம்மாவின் வாளி, அம்மாவின் பிடரி. கவுன்ட்டரில் நான் குடிமகனின் மனைவி, இப்போது குடிமகளின் தாய். அண்ணிக்குத் தம்பி பெண்டாட்டி. இதில் யார் மேலும் எனக்குக் குறையில்லை. ஆனால் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவள் அந்த நேரம் யாருக்கும் எதுவாகவும் இல்லை.

கண்காட்சியின் கடைசி நாள் மறுபடி மூவாருக்குப் போனோம். லீனாவும் அங்கே வேலை செய்யும் ஒருவரும் சேர்ந்து படத்தைத் தூக்கி மாட்டினார்கள். நேராக இருக்கிறதா என்று நான் தள்ளி நின்று சொன்னேன். வாசலில் யார் நிழல் விழுந்தாலும் திரும்பிப் பார்த்தேன். இரண்டு சீனப் பெண்கள் வந்து படத்தின் முன் நின்றார்கள். ஒருத்தி மற்றவளின் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். ஏதோ சொன்னாள். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது.

படத்துக்குக் கீழே ஒட்ட, நான் சொல்லச் சொல்ல லீனா ஒரு சின்ன அட்டையில் எழுதினாள். அவள் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் எழுத்து என்னிடமும் மறைக்கல்வி வகுப்பிலும் கற்றதுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதி என்னிடம் நீட்டினாள்.

'ரோஸ்லின் தூங்குகிராள்.'

"பெரிய ற" என்றேன்.

"அழிச்சிட்டு வேற எழுதவா மா?"

"பேனாவக் குடு" என்று வாங்கி, நானே திருத்தி ஒட்டினேன்.